பின்சக்கரத்தில் ஒரு மோட்டார்

போன வாரம் இங்கே புனேயில், நாசிக் பாட்டா சிக்னலில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. முதுகில் பெரிய சதுரப் பையோடு, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறவர். பச்சை விழுந்ததும் அவர் பெடலைத் தொடவே இல்லை. மெல்லிய முனகலோடு சைக்கிள் தானாகக் கிளம்பிப் போய்விட்டது. சூடான ரப்பரும் ஒயரும் கலந்த ஒரு வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஆட்டோக்காரர் கேட்டது என் காதில் விழவில்லை. அவர் தப்பான ரோட்டில் போய்த் திரும்பி வந்தார். எனக்கு இந்தியும் அரைகுறை, மராட்டியும் அரைகுறை என்பதால் பேசாமல் இருந்தேன் என்று நினைத்திருப்பார்.

அந்த வாசனை ஒரு காலத்தில் தாபோடியில் எங்கள் வீட்டு நடையில் குடியிருந்தது. சாயங்காலம் வந்ததும் இவர் பேட்டரியைக் கழற்றி மிக்சி பிளக்கில் சார்ஜ் போட்டுவிடுவார். அதனால் ராத்திரி தோசைக்குச் சட்னி கிடையாது, பொடிதான். நான் முணுமுணுப்பேன். ஒரு சட்னிக்காக அவ்வளவு பேசியிருக்கிறேன், பாருங்கள்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர், தங்கராசு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஆகுர்டியில் ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை. உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றுவார்கள். ஆறியதும் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி உதிர்க்க வேண்டும். அதுதான் இவர் வேலை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தலை துவட்டினால் துண்டு சாம்பல் நிறமாகிவிடும். எத்தனை துவைத்தாலும் வெளுக்காது. நானும் சோப்பை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருமல் வந்தபோது முதலில் டிபி என்றார்கள். மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மணல் வேலையா?" என்று கேட்டார். நுரையீரலில் தூசி படிந்து இறுகிவிட்டது, இது சரியாகிற வியாதி இல்லை, உடனே அந்த வேலையை விடுங்கள் என்றார்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே இவர் சொன்னார்: "விட்டுட்டு? மக படிப்ப யாரு முடிப்பா? ஃபேக்டரில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, புள்ள."

தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். இவருக்கு முன்னால் இருமியவர்களையெல்லாம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள்.

தாபோடியிலிருந்து ஆகுர்டிக்கு லோக்கல் ரயில் உண்டே என்பீர்கள். உண்டு. ரயிலுக்கு முன்னால் மேம்பாலப் படிக்கட்டும் உண்டு. பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். கூட வேலை பார்க்கிறவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்ற பயம் வேறு. அதனால் எப்போதும்போல சைக்கிளிலேயே போனார். வழியில் இறங்கி உட்கார்ந்து, உருட்டி, மறுபடி ஏறி. தினமும் லேட். ஒரு ஸ்கூட்டர் வாங்கலாமே என்றேன்.

"இத்தன வருசம் சைக்கிள்ல வந்தவன் திடீர்னு ஸ்கூட்டர்ல போனா, என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்களா?"

அப்போதுதான் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தார், சைக்கிளுக்கு மோட்டார் மாட்டலாமாம். சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்வார் பேட்டைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கி வைத்தார். நடுவில் தட்டு மாதிரி தடித்த ஒரு உருளை, அதற்குள்தான் மோட்டார். கூடவே ஒரு பேட்டரிப் பெட்டி, ஒயர்கள், கைப்பிடியில் முறுக்க ஆக்ஸிலேட்டர். "காக்கா, பெடல் மார்னே கீ ஜரூரத் ஹீ நஹி!" என்றார். மிதிக்கவே வேண்டாம் என்கிறார் என்பது எனக்கே புரிந்தது. காக்கா என்றால் இங்கே சித்தப்பா. புனேக்கு வந்த புதிதில், என் வீட்டுக்காரரை யாரோ காக்கா என்று கூப்பிட்டதற்கு நான் சண்டைக்குப் போயிருக்கிறேன், நிறத்தைச் சொல்கிறார்கள் என்று.

இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வெளிய தெரியுமா?"

தெரியாமல் செய்துகொண்டார். மோட்டாருக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். பேட்டரியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கட்டினார். ஃபேக்டரி கேட் நெருங்கும்போது கால்களைச் சும்மா சுற்றுவாராம். "நடிகனாப் போயிருக்கலாம் நானு" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

முதல் வாரம் என்னையும் கேரியரில் உட்காரவைத்து முளா நதிப் பாலம் வரை கூட்டிக்கொண்டு போனார். என் எடைக்கு மோட்டார் முக்கியது. "எறங்கவா?" என்றேன். "பேசாம ஒக்காரு" என்றார். பாலத்து ஏற்றத்தில் காற்று முகத்தில் அடித்தது. இவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. கல்யாணமான புதிதில் இருந்த முதுகு மாதிரி இருந்தது எனக்கு.

ஃபேக்டரியில் எல்லோரும் அசந்துபோனார்கள். தெற்கத்திக்காரர் எல்லோரும் அங்கே அண்ணாதான். "அண்ணா ஜவான் ஹோ கயா" என்று வாட்ச்மேன் சொன்னதை, வீட்டுக்கு வந்து வெட்கத்தோடு சொன்னார். குமரன் ஆகிவிட்டாராம்.

அது நீடிக்கவில்லை. மோட்டார் ரோட்டைக் கடக்கத்தான் உதவியது. உள்ளே போனால் அதே மணல். மழை ஓய்ந்த சமயம், நிற்கவே முடியாமல் போனபோது, சூப்பர்வைசரிடம் போய் ஸ்டோருக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டார். அவர் சிரித்தாராம். "தாபோடியிலேர்ந்து சைக்கிள் மிதிச்சு வர்றே, சின்னப் பசங்களையே முந்துறே. உனக்கு என்ன நோவு?"

"மோட்டார்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

"சொன்னா வேலையே இல்ல. சொல்லாட்டி மணலு." பேட்டரியைக் கழற்றி மிக்சி பிளக்கில் சொருகினார்.

தீபாவளிக்கு முன்னால் வேலை செய்த இடத்திலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வீட்டுக்கு வந்தார். வைத்தியத்துக்கும் நஷ்ட ஈட்டுக்கும் நான் கேட்டுப் போனபோது மேனேஜர், தினமும் சைக்கிளில் வந்த ஆளுக்கு எங்கள் வேலையால் நுரையீரல் கெட்டது என்றால் யார் நம்புவது என்று கேட்டார். மறுநாள் அந்தப் பின்சக்கரத்தைக் கழற்றி, அரிசிச் சாக்கில் சுற்றி, லோக்கலில் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்டேஷன் படிகளில் என் மூச்சும் நின்று நின்றுதான் வந்தது. மேனேஜர் மேஜைக்குப் பக்கத்தில் வைத்து, எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: அவர் மிதிக்கவில்லை, சார். இதுதான் ஓட்டியது.

அவர் குனிந்து பார்த்தார். காலால் லேசாகச் சக்கரத்தை உருட்டியும் பார்த்தார். பிறகு, "மத்லப், உஸ்னே ஹமே தோக்கா தியா" என்றார். அப்படியென்றால் அவர் எங்களை ஏமாற்றியிருக்கிறார்.

வீட்டில் வந்து இவரிடம், மேனேஜர் லீவு, இன்னொரு நாள் வரச் சொன்னார்கள் என்றேன். நம்பினாரோ என்னவோ, தலையாட்டினார். கடைசி மாதங்களில் படுத்தால் மூச்சு வராது. ஸ்டூல் மேல் தலையணை வைத்துக் கவிழ்ந்தபடியே தூங்குவார். ஒரு நாள் காலை காபி கொண்டுபோனேன். அதே மாதிரி கவிழ்ந்திருந்தார். சிலிண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் படிப்பை முடித்தாள். ஹிஞ்சவடியில் வேலை பார்க்கிறாள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

சில மாதம் முன்பு வேறு காரியமாக ஆகுர்டி போயிருந்தபோது அந்தப் பக்கம் நடந்து போனேன். தொழிற்சாலை இல்லை. உயரமான ஃப்ளாட்டுகள், வாசலில் பூச்செடி. ஷிஃப்ட் விட்டால் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும் அந்த சைக்கிள் கூட்டம், வாட்ச்மேன், எதிரே இருந்த டீக்கடை, எதுவும் இல்லை. இவரோடு மணல் தட்டியவர்கள் சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் இவர் போன இடத்துக்கே போய்விட்டார்கள். புது கேட்டில் இருந்த செக்யூரிட்டி பெண், நான் வெகுநேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"கிஸ்ஸே மில்னா ஹை, மௌஸி?"

யாரைப் பார்க்க வேண்டும், சித்தி என்று கேட்கிறாள். சொல்ல ஒரு பேர் இருக்கிறதா என்று நான் யோசித்துக்கொண்டே நின்றேன்.