நான் வாசித்துக் காட்டாத வரி

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. சாவகச்சேரிப் பக்கம் ஊர். சென்னைக்குப் படிக்க வந்திருந்தபோது, அவளுடைய சித்தி வீட்டின் வழியாக எங்கள் திருமணம் பேசி முடிந்தது. நான் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நானும் ஓர் அரசு நிறுவனத்தில் கிளார்க்காகச் சேர்ந்தேன். இலங்கைப் பாஸ்போர்ட்டோடு அவள் ஹவுரா ஸ்டேஷனில் இறங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது.

வந்த வாரமே அவள் ஒரு நீலக் கோப்பைத் திறந்து வைத்தாள். பாஸ்போர்ட் நகல், விசா, திருமணப் பதிவுச் சான்று, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் கொடுத்த தாள் என்று எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கினாள். காய்கறி வாங்கப் போனாலும் பையில் ஒரு நகல் இருக்கும். நான் சிரிப்பேன்.

“இது ராணுவச் சோதனைச் சாவடி இல்ல. இங்க யாரும் உன்ன நிறுத்தி அடையாள அட்டை கேக்கப் போறதில்ல” என்றேன் ஒருமுறை.

“நீங்கள் சிரிக்கலாம். எங்கட ஊரில ஒரு துண்டுப் பேப்பர் பிழையாப் போய் எத்தினை பேர் திரும்பி வரேல்ல தெரியுமோ?” என்றாள்.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. என் வாழ்நாளில் யாரும் என்னிடம் நீ யார் என்று நிரூபிக்கச் சொன்னதில்லை. அதனால் அவளுடைய கவனம் எனக்கு ஒரு வியாதி மாதிரி பட்டது.

அவளை அக்கம்பக்கத்தில் அறிமுகப்படுத்தும்போது நான் இலங்கை என்று சொல்லவில்லை. ராமநாதபுரம் என்று சொன்னேன். வெளிநாட்டுக்காரர் என்றாலே இந்த ஊரில் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்குச் சோம்பல், கொஞ்சம் பயமும் கூட. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒரு மாமி அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, “எந்த ஊர் பாஷை இது, இனிமையா இருக்கே?” என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான், “ராமநாதபுரம் பக்கம், கடலோரம்” என்றேன். அவள் தட்டில் இருந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் வேலை நடந்தது. தெருமுனைக் கட்சி ஆபீஸ்காரர் வீடு வீடாக வந்தார். ஐம்பது வயதுக்காரர், என்னைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். “பௌதியோட பேரு மட்டும் உங்க வீட்ல விட்டுப்போயிருக்கு” என்று ஒரு படிவத்தை நீட்டினார். பௌதி, அதாவது அண்ணி, என்று அவர் உரிமையோடு சொல்லும்போது, அவள் இந்தியக் குடிமகள் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ராமநாதபுரம் பொய்யாகிவிடும். “குடுங்க, நிரப்பி வைக்கறேன்” என்று வாங்கிக்கொண்டேன்.

படிவம் வங்காளத்தில் இருந்தது. நான் நன்றாக வாசிப்பேன். அவளுக்கு அப்போது கடையில் பேரம் பேசுகிற அளவுக்குப் பேச்சு வரும், எழுத்து தெரியாது. நானே நிரப்பிவிட்டு, கையெழுத்துக்காக அடுப்படிக்குக் கொண்டுபோனேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, இதில என்ன எழுதியிருக்கு?”

“பேரு, வயசு, முகவரி. அட்ரஸ் ப்ரூஃப் மாதிரி ஒண்ணு. கேஸ் சிலிண்டர் பதியவெல்லாம் உதவும்.”

“கீழ நீட்டா ஒரு வசனம் கிடக்கு?”

“அது எல்லாப் படிவத்துலயும் இருக்கறதுதான்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். நான் சொன்னதை நம்பித்தான் போட்டாள். அதற்கு முன்னால் அவள் வாசிக்காத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டவள் இல்லை.

சில மாதம் கழித்து அட்டை வந்தது. அதில் ஆங்கிலமும் இருந்ததால் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

“இது வாக்காளர் அட்டையெல்லோ? நான் இந்த நாட்டுப் பிரஜை இல்லை. எனக்கு என்னத்துக்கு இது? நாளைக்குக் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?”

“யாரு கேக்கப் போறா? ஓட்டுப் போடாத, அவ்வளவுதான்.”

“இல்லை, இதைத் திருப்பிக் குடுங்கோ. பேரை வெட்டச் சொல்லுங்கோ.”

சரி என்றேன். அதைச் செய்யவே இல்லை. பெயரை நீக்க என்ன காரணம் எழுதுவது? அடுத்த மாதம் கேட்டாள், கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அட்டை என் அலுவலக மேஜை இழுப்பறையில் கிடந்தது. பிறகு டாக்குரியாவில் வீடு பார்த்து மாறினோம். முகவரி மாறியதைப் பதிவு அலுவலகத்தில் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதையும் நான் தள்ளிப்போட்டேன். கடைசியில் அவளே பஸ் ஏறிப் போய்த் தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு வருஷம் முன்பு அவள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தாள். நீலக் கோப்பு அதற்குள் மூன்றாகியிருந்தது. இணையத்தில் எல்லாவற்றையும் தானே ஏற்றினாள். ஆறேழு மாதம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. இருவரும் போனோம். அவள் கஞ்சி போட்ட டாங்காயில் பருத்திப் புடவை கட்டியிருந்தாள்.

அதிகாரி இளைஞர், மரியாதையாகப் பேசினார். கோப்பைப் புரட்டி, அவளுடைய ஆவணங்கள் ஒழுங்காக இருப்பதாகச் சொன்னார். பிறகு ஒரு நகலை எடுத்து மேஜையில் வைத்தார். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் பழைய முகவரியில் இன்னமும் இருக்கிறதே, இந்தப் படிவத்தில் நீங்கள் இந்தியக் குடிமகள் என்று உறுதி கொடுத்திருக்கிறீர்களே, என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவள் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பெயர் எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“இதை நிரப்பியது யார்?” என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

படிவத்தை நிரப்பிய என் எழுத்து என் கண் முன்னால் இருந்தது. நான் அரசு ஊழியன். தெரிந்தே பொய்ப் படிவம் நிரப்பியதாகச் சொன்னால் வேலை என்னாகும் என்பது மட்டும்தான் அந்த நொடியில் தோன்றியது. “எனக்குத் தெரியாது சார். தெருவில் கட்சிக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருப்பாள்” என்றேன்.

என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு வார்த்தை போதும். அவள் அதிகாரியிடம் ஆங்கிலத்தில், “இது என்னுடைய கையெழுத்துத்தான். நான் ஒருபோதும் வாக்களித்ததில்லை” என்று மட்டும் சொன்னாள். எழுத்து மூலம் விளக்கம் தரச் சொல்லி, நகலைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூப்பிட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்த நகலை விரித்தாள்.

“பிள்ளை, இதில உள்ளதை ஒண்டும் விடாமல் எனக்கு வாசிச்சுச் சொல்லு.”

எங்கள் மகளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம். விரலை வைத்து வரி வரியாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். கீழே அந்த நீண்ட வரி வந்தது. “நான் இந்தியாவோட நாகரிக், அதாவது சிட்டிசன்னு உறுதியா சொல்றேன். இது பொய்யா இருந்தா தண்டனை உண்டுன்னு எனக்குத் தெரியும். அம்மா, நீ எதுக்கு இப்படி எழுதின?” நிறுத்திவிட்டுத் தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். “அப்பா, இது உங்க ஹாதேர் லேகா தானே?”

கையெழுத்துக்கு வங்காளிகள் சொல்கிற சொல் அது. என் எழுத்தைப் பார்த்து எழுதிப் பழகிய பிள்ளை. நான் ஆமாம் என்றேன். அதிகாரியிடம் சொல்ல முடியாத ஆமாம் அங்கே வெளியே வந்தது.

மனைவி சத்தம் போடவில்லை. “நீங்கள் பொய் சொன்னது ஒண்டு. பேரை வெட்டிப்போட்டன் எண்டு சொன்னது இன்னொண்டு. ஆனால் இண்டைக்கு அந்த மனிசனுக்கு முன்னால, எனக்கு விவரம் தெரியாது எண்டு சொன்னியள் பாருங்கோ” என்றவள் தாளை மடித்துக் கோப்பில் வைத்தாள்.

மறுவாரம் பவானிபூரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். நரைத்த தலை, கறாரான வங்காளப் பெண்மணி. முழுக் கதையையும் அவளிடமே கேட்டார். என்னிடம் திரும்பி, “இப்படித்தான் நடக்கும். புது நாட்டுக்கு வந்தவர்கள் சட்டத்தை மீறுவதைவிட, சட்டம் தெரிந்ததாகச் சொல்லும் உள்ளூர்க்காரரை நம்பித்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். படிக்க முடியாத தாளில் கையெழுத்து வாங்குகிறவர் முக்கால்வாசி சொந்தக்காரராகத்தான் இருக்கிறார்” என்றார். தவறு தெரிந்த அன்றே எழுதிக் கொடுத்துப் பெயரை நீக்கியிருந்தால் இது ஒரு பிழையாகவே நின்றிருக்கும், ஒன்பது வருஷம் மறைத்ததால்தான் குற்றம் மாதிரி தெரிகிறது என்றும் சொன்னார். நான் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு ஏதாவது வழி இருக்கும் என்றார்.

உடனே எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். எனக்குப் பதினொரு நாள் ஆனது. பதவி உயர்வுப் பட்டியல் வருகிற நேரம், அது வரட்டும் என்று காத்திருந்தேன். அந்தப் பதினொரு நாளும் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள்தான் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் “எழுதியாச்சா?” என்று கேட்டாள். கேட்டுக் கேட்டு ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுதினேன். படிவத்தை நிரப்பியது நான், அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை, நீக்கச் சொல்லியும் நீக்கவில்லை, விசாரணையில் பொய் சொன்னேன். நான்கு வாக்கியம். எழுதி முடிக்க முழு ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.

அவள் மேல் வழக்கு வரவில்லை. பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. ஆனால் குடியுரிமை விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. மறுபடி விண்ணப்பிக்கலாம், எத்தனை வருஷம் ஆகும் என்று வழக்கறிஞரால் சொல்ல முடியவில்லை. விசாவை இப்போது ஒவ்வொரு வருஷமாக நீட்டிக்கிறார்கள். என் அலுவலகத்தில் துறை விசாரணை நடந்தது. பதவி உயர்வு போனது, வேலை இருக்கிறது. நான் செய்ததற்கு அது குறைவு. அதிகமாக இழந்தது அவள்.

போன மாதம் விசா நீட்டிப்புக்கு அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் லீவு போட்டிருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, “நானும் வரேன்” என்றேன்.

அவள் செருப்பு வாரைக் குனிந்து பூட்டிக்கொண்டே, “தேவையில்லை. நான் கதைப்பன்” என்றாள். கோபமே இல்லாத குரல். மத்தியானத்துக்கு மீன் குழம்பு இருக்கிறது, சோறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். நான் சட்டையைக் கழற்றாமலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.