நாலு கடைக்கு ஒரு கைப்பிடி

அந்தக் கடைத்தெருவில் ஒரு கைப்பிடிக் கம்பி தானாக நடக்கிறது என்று ஒரு பேச்சு. மருந்துக்கடைப் படியில் பார்த்த கம்பியை, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பேக்கரிப் படியில் பார்த்ததாகச் சத்தியம் செய்தவர்கள் உண்டு. அதே பச்சைப் பெயின்ட், வளைவில் அதே நசுங்கல்.

விசாரித்ததில் பேச்சு பாதி பொய். கம்பி நடக்கவில்லை. வெல்டிங்காரன் தோளில் ஏறிப் பின்சந்து வழியாகச் சவாரி போனது. தெருவே அவனை நட்டு என்று கூப்பிடும். மாட்டுகிற வேகத்திலேயே எதையும் கழற்றிவிடுவான்; கொடுத்த வாக்கும் அதில் அடக்கம்.

வாசலில் படி இருந்தால் பிடித்து ஏற ஆடாத கம்பி வேண்டும், கடைசிப் படியைத் தாண்டியும் அது கொஞ்சம் நீள வேண்டும் என்பது சட்டம். ஆளுக்கொன்று செய்ய மனசு வராத நாலு கடைக்காரர்கள் கூட்டாக ஒன்று செய்துகொண்டார்கள். சோதிக்கிற அதிகாரி வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் டீ குடிப்பார். டீ ஆறுவதற்குள் நட்டு இடம் மாற்றிவிடுவான். மருந்துக்கடையின் ஐந்து படிக்கு அளவெடுத்த கம்பி, பேக்கரியின் இரண்டு படியில் பாதித் தெருவரை நீட்டிக்கொண்டு நிற்கும்.

"சட்டம் கேட்டதுக்கு மேலேயே குடுத்திருக்கோம் சார்" என்பார் பேக்கரிக்காரர்.

நட்டுவின் அக்காவுக்கு ஒரு விபத்துக்கு அப்புறம் வலது முழங்கால் மடங்காது. நாக்குக்கு எந்தச் சேதமும் இல்லை. மருந்துக்கடையில் கல்லாவுக்கு ஆள் தேடினார்கள். ஊன்றுகோல் விற்கிற கடைதான்; ஊன்றுகோல் வேண்டியவர் மட்டும் உள்ளே வர முடியாது. "தானா ஏறி வர்றவங்களுக்குத்தான் வேலை" என்றார் முதலாளி. அக்கா முதலாளியைப் பார்க்கப் போன அன்று நட்டு கம்பியை மாட்டி வைத்தான். ஏறினாள், வேலை கிடைத்தது. அவள் முனை திரும்பியதும் கழற்றிவிட்டான்.

அவள் வேலையில் சேர வந்த காலையில் அதிகாரியும் வந்து தொலைத்தார். மருந்துக்கடைக் கம்பியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, முனை டீக்கடையில் போய் உட்கார்ந்தார். நட்டு ஸ்பானரோடு குனிந்தபோது அக்கா நடுப்படியில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"சீக்கிரம் ஏறுக்கா. பேக்கரிக்குப் போகணும்."

"யாரு போகணும்?"

"கம்பி."

"அப்போ நாளைக்கு நான் எதைப் பிடிச்சுடா ஏறுறது?"

நட்டு விழித்தான். வேலை என்றால் தினமும் போக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். கம்பியும் தினமும் வேண்டியிருக்கும் என்றுதான் தோன்றவே இல்லை.

"என்னையும் ஆபீசர்னு நினைச்சுட்டியா? வருஷத்துக்கு ஒரு தடவை வந்து தலையாட்டிட்டுப் போறதுக்கு?"

பின்சந்திலிருந்து பேக்கரிக்காரர் கத்தினார்: "டேய், மனுஷன் டம்ளரைக் கீழ வச்சுட்டார்டா!"

உள்ளே முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"கழட்டு" என்றாள் அக்கா. "ஆனா கையை எடுக்க மாட்டேன். என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போ. பேக்கரியிலயும் கல்லா இருக்குல்ல?"

நட்டு ஸ்பானரைத் தூக்கி எறிந்தான். அக்கா மேலே ஏறி முடிப்பதற்குள் பட்டறையிலிருந்து மெஷினை இழுத்து வந்து, ஒவ்வொரு நட்டையும் அதன் போல்ட்டோடு சேர்த்துப் பற்றவைத்தான். இனி அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

"என் கம்பிடா!" என்று அலறினார் பேக்கரிக்காரர்.

"கால் பங்குதாண்ணே உங்களுது."

அதிகாரி பேக்கரி வாசலில் நின்று கம்பி எங்கே என்றார். பாலிஷ் போடப் போயிருக்கிறது என்றார் பேக்கரிக்காரர். அதிகாரி மருந்துக்கடை வாசலில் பறந்த தீப்பொறியைப் பார்த்தார். நிதானமாக அங்கே நடந்து போய், நசுங்கலைத் தடவிக்கொடுத்தார்.

"எத்தனை கடையில இதைப் பிடிச்சிருக்கேன்! பாவம், வயசாகுது. ஒரு இடத்துல நிக்கட்டும்."

பேக்கரியைப் பற்றி அவர் எழுதியது: 'கைப்பிடி உண்டு. கடையிலிருந்து சற்றுத் தள்ளி.' எழுதிவிட்டு அடுத்த டீக்குப் போனார்.

இப்போது பேக்கரிக்காரர் மருந்து வாங்க வந்தால் அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் ஏறுகிறார். கல்லாவிலிருந்து குரல் வரும்: "அண்ணே, உங்க பங்கு ரெண்டாவது படிக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. மேல இருக்கிறது மத்தவங்களுது."

"முதல்ல என் பங்கை அறுத்துக் குடுக்கச் சொல்லும்மா உன் தம்பியை."

தம்பியைக் கேட்டால் அடுத்த வாரம் என்கிறான். பேக்கரிப் படியில் போல்ட் ஓட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. வயசானவர்கள் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்து ஏறுகிறார்கள். கால் பங்குக் கம்பி இன்னும் பாக்கி.