எலி தொட்ட கை

தெருவில் அவளுக்கு எலிக்காரி என்று பெயர். எலி பிடிக்கிறவள் என்று நினைத்து, வீட்டில் தொல்லை தாங்கவில்லை வாம்மா என்று கூப்பிட்டவர்களும் உண்டு. அவள் எலி வளர்க்கிறவள். ஆராய்ச்சிக்கூடத்தின் பின்பக்க அறையில் கூண்டு கூண்டாக வெள்ளை எலிகள். பாதிக்குச் சோள எண்ணெயில் பிசைந்த மாவு, பாதிக்கு மீன் எண்ணெயில் பிசைந்த மாவு. எண்ணெய் காறிப்போகக் கூடாதென்று தினமும் புதிதாகப் பிசைந்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அவள் வீட்டில் மனுஷர்களுக்கு இந்த மரியாதை கிடையாது, பழையதைச் சூடு பண்ணித்தான் சாப்பிட்டார்கள்.

வாரம் ஒரு முறை ஒவ்வொரு எலியையும் மல்லாக்கப் பிடித்து, கக்கத்திலிருந்து தொடையிடுக்கு வரை இரண்டு விரலால் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பாள். மார்பகப் புற்றுநோய் வரட்டும் என்றே மருந்து கொடுத்த எலிகள். எந்த எண்ணெய் தின்றதற்கு முந்தி வருகிறது என்பதுதான் கேள்வி. சோள எண்ணெய்க்குத்தான் முந்தி வந்தது. ஏன் என்று ஆராய்ச்சி மேடத்திடம் கேட்டாள்.

"நாம திங்கிற கொழுப்பு செல்லோட மேல்தோல்ல போய் உக்காந்துக்கும்மா. 'வளரு', 'நிறுத்து'ன்னு வர்ற தகவலெல்லாம் அந்தத் தோல் வழியாத்தான் உள்ள போகுது. ஒரு வகைக் கொழுப்பு இருந்தா 'வளரு' சத்தமாக் கேக்கும், இன்னொரு வகை இருந்தா மெதுவாக் கேக்கும். ஆனா இது எலி. மனுஷங்களுக்கும் இப்படியேதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

எலிக்காரி இதை வீட்டில் வந்து சொன்னாள். சும்மா இருந்திருக்கலாம்.

வீட்டில் நாத்தனார் இருந்தார். கணவனின் அக்கா, புருஷனோடு ஒத்துவராமல் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். எலி தொட்ட கையால் சமைத்தது தொண்டையில் இறங்காது என்று வந்த அன்றைக்கே அறிவித்துவிட்டார். தன் அறையிலேயே சின்ன அடுப்பு, தனிப் பாத்திரம், தனிச் சமையல். எலிக்காரி சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாலும் மூக்கைச் சுளிப்பார். வருஷக்கணக்கில் இதே கதைதான். அவளுக்கு அது வலித்தது. வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் நாத்தனார் அறையிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்கள். அவளுக்கு அது அத்துப்படி, மீன் எண்ணெய். எட்டிப் பார்த்தால், நாத்தனார் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கரண்டியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். எதற்கென்று எலிக்காரிக்குப் புரிந்துவிட்டது.

"எந்தப் பக்கம் அண்ணி?"

நாத்தனார் வலது மார்பை மூடிக்கொண்டார். "நீதானடி சொன்ன, இதைக் குடிச்சா வராதுன்னு!"

"வராதுன்னு எப்ப சொன்னேன்? லேட்டா வரும்னு சொன்னேன். அதுவும் எலிக்கு. அதுவும் கட்டி வர்றதுக்கு முன்னாடியே கொடுத்தா."

நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "நீ தொட்டுப் பாரு" என்றார்.

எலிக்காரி கை கழுவப் போனாள். "அதெல்லாம் வேண்டாம், வா" என்றார் நாத்தனார்.

விரலுக்கடியில் பட்டாணி அளவில் ஒன்று தட்டுப்பட்டது. நகர்த்தினால் நகரவில்லை. எலியாக இருந்தால் அளவெடுத்துக் குறித்துவிட்டு அடுத்ததைப் பிடித்திருப்பாள்.

"ஒண்ணுமில்லதானே? ஒண்ணுமில்லன்னு சொல்லுடி."

அத்தனை வருஷத்தில் நாத்தனார் அவளிடம் கேட்ட முதல் உதவி. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்று முதல் இருவரும் ஒட்டும் உறவுமாக ஆகிவிடலாம். எலிக்காரிக்கு அந்த ஆசையும் வந்தது.

"இருக்கு. என்னன்னு எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஒரு மாசம் எண்ணெய் குடிச்சுப் பாக்கறேனே."

"அண்ணி, மீன் எண்ணெய் தின்ன எலியும் செத்துச்சு. நான்தான் தூக்கிப் போட்டேன். எலிக்கு ஆஸ்பத்திரி கிடையாது, உங்களுக்கு இருக்கு. எழுந்திரிங்க, துணிய மாத்துங்க."

எலி கூட இப்படி முரண்டு பிடித்ததில்லை. ஆனாலும் கிளம்பினார்.

சோதித்துப் பார்த்ததில் அதேதான், புற்றுநோய். பரவுவதற்கு முன் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். எந்த எண்ணெயால் வந்தது என்று நாத்தனார் துருவித் துருவிக் கேட்டார். ஒரு எண்ணெய் மேல் பழி போட முடியாதம்மா, காரணம் பல இருக்கும் என்றார் டாக்டர். தம்பி வாங்கிப் போடும் எண்ணெயைத் திட்டத் தயாராக இருந்தவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையைத் தூக்க முடியவில்லை. அடுப்புப் பக்கம் போக வழியில்லை. வாய்க்குக் கை எட்டவில்லை. எலிக்காரி வேலை முடிந்து வந்து, சமைத்து, தட்டில் போட்டுப் பிசைந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு கவளம் எடுத்து நீட்டினாள். இப்போதும் மூக்கைச் சுளித்தால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

நாத்தனார் அந்தக் கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மென்று முழுங்கினார்.

"உப்பு கம்மி" என்றார்.

எலிக்காரிக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் சமையலில் நாத்தனார் கண்ட முதல் குறை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பு எடுக்க எழுந்தாள்.

"எங்க போற? முதல்ல ஊட்டு, பசிக்குது" என்றார் நாத்தனார்.