பஸ்மினா டீச்சரின் இறால்

கல்முனையில் பஸ்மினாவின் முன்பள்ளிக்குப் பெயர் வந்ததே படங்களால்தான். புத்தகத்தில் 'இ' என்றால் இலை. அவளோ இறால் கீறுவாள். 'க'வுக்குக் கச்சான் கடலை, 'உ'வுக்கு உழவு மெஷின். பதினாறு வருடமாகக் கீறியவற்றை, கொரோனாவில் முன்பள்ளி மூடிக் கிடந்தபோது, பிள்ளைகள் வீட்டிலாவது படிக்கட்டும் என்று பேஸ்புக்கில் போட்டாள்.

மூன்று வருடம் கழித்து, சுஹறா என்ற தாய் தன் போனை நீட்டினாள். "டீச்சர், புது அப் ஒண்டு வந்திரிக்கி. நீங்களும் இதப் பாத்துத்தானா கீறுற?"

திரையில் அவளுடைய இறால். ஒரு பக்கம் கால் கூடிப்போன பிழைகூட அப்படியே. அடியில், 'சகல உரிமையும் காலிதீனுக்கே.'

காலிதீன் அடுத்த தெருவில் கணினி வகுப்பு நடத்துபவன். அன்று பின்னேரமே அவனிடம் போனாள்.

"கேக்காம எடுத்திரிக்கீங்களே, தம்பி?"

"பேஸ்புக்குல எல்லாருக்கும்தானே போட்டீங்க, ராத்தா?"

"பாக்கத்தான் போட்ட. என்ட பேரையாவது போட்டிருக்கலாமே."

அவன் சிரித்தான். "எத்தின புள்ளயள் படிக்கிதுகள். ஒங்களுக்கு ஸதக்கா ஜாரியா, நிலைச்ச தர்மம். மவுத்துக்குப் பொறகும் நன்மை வந்துட்டே இரிக்கும். இதுக்குப் போய்ப் பேர் தேடுறீங்களே."

எடுத்தவனே மார்க்கம் சொன்னதுதான் அவளைச் சுட்டது. வீட்டுக்கு வந்து, தங்கை மகள் நிஹ்லாவை உட்காரவைத்து, அந்தச் செயலியை வெளியிட்ட தளத்தின் முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பினாள். அவள் படம் கீறிய பழைய கொப்பிகளைப் படமெடுத்து, திகதியோடு பேஸ்புக் பதிவுகளையும் இணைத்தார்கள். யாருக்காவது அனுமதி கொடுத்தீர்களா என்ற கேள்வியை நிஹ்லா வாசித்தபோது, "ஒருத்தரும் கேக்கவே இல்லயே" என்றாள் பஸ்மினா. மூன்று கிழமை கழித்து செயலி நீக்கப்பட்டது.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மறுநாள் காலை வாசலில் தாய்மார் கூடி நின்றார்கள்.

"நீங்கதான் மூட வெச்சீங்களாம்?" என்றாள் சுஹறா. "என்ட மகன் அதப் பாத்தாத்தான் சோத்துக்கு வாய் துறப்பான். ஊருப் புள்ளயள்ள இவ்வளவு எரிச்சலா ஒங்களுக்கு?"

"அது நான் கீறின படம், சுஹறா."

"ஓம், அதுக்கென்ன? கீறினா குறைஞ்சா போகுது?"

காலிதீன் விடவில்லை. இணையத்தில் விலைக்குக் கிடைத்த படங்களைப் போட்டு இரண்டு மாதத்தில் செயலியைத் திருப்பிக் கொண்டுவந்தான். 'இ'க்கு இக்ளூ, பனிவீடு ஒன்று. ஊரில் எந்தப் பிள்ளைக்கும் அது என்னவென்று தெரியாது. ஆனாலும் பார்த்தார்கள். பஸ்மினாவுக்குத்தான் பொறாமைக்காரி என்ற பெயர் நின்றது. முப்பது பிள்ளைகள் இருந்த முன்பள்ளிக்கு ஜனவரியில் பதினொரு பேர் வந்தார்கள்.

மாசியில் சுஹறா தயங்கித் தயங்கி வந்தாள். "டீச்சர், மகனுக்கு அந்தப் புதுப் படம் ஒண்டும் விளங்குதில்ல. ஒங்கட பழைய படங்கள வட்ஸ்அப்புல அனுப்பேலுமா?"

பேஸ்புக்கிலிருந்து எல்லாவற்றையும் அவள் செயலி நீக்கப்பட்ட கையோடு அழித்திருந்தாள். கொப்பிகள் மட்டும் அலுமாரியில் இருந்தன.

"இல்ல," என்றாள் பஸ்மினா. இத்தனை வருடத்தில் ஒரு தாயிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.