பெர்னடீன் நீட்டிய இரண்டு படிவங்கள்

பெர்னடீன் ஸிமான்ஸ்கி டொலிடோவில் இருபத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். முழங்கால் அளவு பனி கிடந்தாலும் ஏழேகாலுக்கு வண்டி வந்து நிற்கும். அச்சடித்த எதையும் கடைசி வரி வரை படித்துவிடுவாள். அவள் கணவன் லெனர்ட் நேர்மாறு. படிக்காமலே எல்லாம் தெரிந்தவன்.

2008 பிப்ரவரியில் அவன் தன் ஓய்வூதியச் சேமிப்பு தொண்ணூறாயிரம் டாலரையும் ராத் என்ற வேறு வகை ஓய்வூதியக் கணக்குக்கு மாற்றினான். "இப்பவே வரியக் கட்டிட்டா, வயசான காலத்துல எடுக்கும்போது ஒரு சென்ட் கட்ட வேணாம்டா" என்று பந்துருட்டி ஆடும் பௌலிங் கூடத்தில் அவன் அளந்ததைக் கேட்டு, அவனோடு வாராவாரம் ஆடும் கஸ் என்கிற நானும் நார்பும் எங்கள் பணத்தையும் மாற்றினோம். எங்களுக்கு எங்கே போனது புத்தி?

அந்த இலையுதிர் காலத்தில் பங்குச் சந்தை சரிந்து, தொண்ணூறு ஐம்பதாகச் சுருங்கியது. வரி மட்டும் தொண்ணூறுக்குத்தான். அடுத்த ஏப்ரலில் அதைக் கட்ட லெனர்ட் வீட்டின் மேல் கடன் வாங்கினான். ஜூனில் அவன் வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலை அவனை வீட்டுக்கு அனுப்பியது. வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை என்றாகிவிட்டது.

பெர்னடீன் அசரவில்லை. வரித் துறையின் கையேட்டைச் சமையலறை மேசையில் விரித்துப் படித்தாள். மாற்றியதை வரும் அக்டோபர் பதினைந்துக்குள் திருப்பிவிடலாம். திருப்பினால் மாற்றமே நடக்காத மாதிரி. கணக்கைத் திருத்தி அனுப்பினால் கட்டிய வரி திரும்பி வரும். சேமிப்பைத் திருப்ப ஒரு படிவம், வரிக் கணக்கைத் திருத்த ஒரு படிவம். இரண்டையும் நிரப்பி லெனர்டிடம் நீட்டினாள். அவன் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது.

அவன் பேனாவைத் தொடவில்லை. நடந்ததை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள்.

"சந்தை மறுபடி ஏறும் பெர்னி, கொஞ்சம் பொறு."

"ஏறட்டும். அதுவரைக்கும் எங்க குடியிருக்கிறது, உன் பௌலிங் பைக்குள்ளயா?"

"இதுல கையெழுத்துப் போட்டா நான் முட்டாள்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. கஸ், நார்ப் மூஞ்சில எப்படி முழிப்பேன்? என் பேச்சைக் கேட்டுத்தானே அவனுங்களும் மாத்தினானுங்க?"

பெர்னடீனுக்கு இது புதுச் செய்தி. "அப்போ அவங்களுக்கும் பதினஞ்சுதான் கடைசி நாள், லென். நீ வாயத் தொறக்கலன்னா மூணு குடும்பத்துப் பணம் போகும்."

அடுத்த வாரம் வியாழன், கெடுவுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. லெனர்ட் பௌலிங் கூடத்துக்கு வந்தான், ஆனால் ஆட்டத்துக்கான காலணிக்கு மாறவில்லை. எங்கள் முன்னால் வந்து நின்றான்.

"நான் சொன்னது தப்புடா. திருப்ப வழியிருக்கு. பத்து நாளா தெரியும். வெக்கத்துல சொல்லல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பந்தை அவன் கால்மேல் போட்டிருப்பேன். "பத்து நாளாவா? உன்ன நம்பினேன் பாரு!" என்று கத்தினேன். நார்ப், "பதினாறாம் தேதி சொல்லியிருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்கும்" என்றான்.

பின்னாலேயே வந்த பெர்னடீன் எங்கள் பியர் கோப்பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் காகிதங்களைப் பரப்பினாள்.

"சண்டைய வெள்ளிக்கிழமை போட்டுக்கங்க. கஸ், மேல இந்தச் சட்டப்பிரிவு எண்ணை எழுது. இல்லன்னா ஏப்ரலோட காலம் கடந்துச்சுன்னு வரித் துறைக்காரன் தூக்கிப் போட்டுருவான். ஒஹாயோ மாநில வரிக்குத் தனிப் படிவம், அதை மறந்துடாதீங்க. தபால்ல பதிவு பண்ணி, ரசீதோட அனுப்புங்க."

நாங்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி எழுதினோம். எழுதி முடித்து நிமிர்ந்தேன். லெனர்ட் இன்னும் நின்றுகொண்டிருந்தான், அவன் படிவங்கள் இரண்டும் கையில், கையெழுத்தில்லாமல்.

"நீ ஏன்டா இன்னும் போடல?"

"உங்ககிட்ட சொல்லாம போட மனசு வரல" என்றான். கண் கலங்கியிருந்தது. என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது.

நாற்காலியை இழுத்துப் போட்டு, என் பேனாவை அவனிடம் கொடுத்தேன்.