அம்மாவின் பிறந்த நாளைத் தேடிக் கணியூருக்கு

காலை 6.20. திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாக உடுமலை போகும் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். பிள்ளைகளே, உங்கள் இருவருக்கும் பரீட்சை என்பதால் தனியாகப் போனேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன காரணம் உங்களுக்குத் தெரியும். என் அம்மா, அதாவது உங்கள் அப்பாயியின் காரியத்துக்காகத் திருப்பூர் ராயபுரத்துக் கடையில் படம் போடக் கொடுத்திருக்கிறேன். படத்தின் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி வேண்டும். பென்ஷன் புத்தகத்தில் பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று இருக்கிறது. அது தன்னைப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்டுவிட்ட தேதி என்று அப்பாயியே சொல்லியிருக்கிறார். அப்படியானால் சரியான தேதி எது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கடைக்காரர் பேனாவோடு காத்திருந்தபோது, பெற்ற மகன் நான், விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

பல்லடம் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். 8.05க்கு உடுமலை. இரண்டு இட்லி, ஒரு டீ, முப்பது ரூபாய். அங்கிருந்து மடத்துக்குளம் வழியாக, அப்பாயியின் ஊரான கணியூருக்கு இருபது ரூபாய்.

கண்டக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். கணியூரில் யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னதும் டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றாம் வகுப்பில் அப்பாயியிடம் படித்தவராம். அந்தக் காலத்தில் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது, பிறந்த தேதி ஜூன் ஒன்று. அப்பாயி அப்படி எழுத மாட்டாராம்.

"வாய்க்கால்ல தண்ணி உட்ட நாலாம் நாள் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லுச்சுங்க. டீச்சர் சனிக்கெழமை வாய்க்கால் ஆபீசுக்கே போயி நோட்டைப் பாத்து, ஆகஸ்ட்டு இருவத்தொம்பதுன்னு கண்டுபுடிச்சுட்டாங்க" என்றார். பிறகு சிரித்தார். "எங்க டிப்போவுல பாதிப் பேரு ஜூன் ஒண்ணுங்க. மே கடைசியில கூட்டமா ரிட்டையர் ஆவாங்க. எனக்கு மூணு மாசச் சம்பளம் சேத்தி வருமுங்க, டீச்சர் புண்ணியத்துல."

டீச்சருக்கு என்றைக்குப் பிறந்த நாள் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, அடுத்த நிறுத்தத்துக்கு விசில் கொடுத்தார்.

9.15. அப்பாயியின் தங்கை, என் சின்னம்மா, வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஜாதகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"பொட்டப் புள்ளைக்கு யாரு கண்ணு சாதகம் எழுதி வச்சாங்க" என்றார். கீரை உருவும் கை நிற்கவில்லை. அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டு அவராகவே சொன்னார். "தை மாசமாம். மாட்டுக்குச் சோளத்தட்டை அறுத்துப் போட்ட மறுநாளு காலங்காத்தால மழை புடிச்சுக்கிச்சாம். எங்கம்மாளுக்கு வலி வந்துருச்சு. தட்டை அள்றதா, மருத்துவச்சியக் கூட்டியாறதான்னு எங்கய்யன் வாசல்ல நின்னாராம்."

"எதைச் செஞ்சாருங்க?"

"தட்டத்தான் சாமி அள்ளுனாரு. அதச் சொல்லிச் சொல்லி அக்கா சிரிக்கும்."

எந்த வருடத்துத் தை என்று அவருக்குத் தெரியவில்லை. அப்பாயியாக இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். எந்தத் தையில் மழை பெய்தது என்று நாலு ஊர் போய் விசாரித்து, தேதியோடுதான் திரும்பியிருப்பார். எனக்கு அந்தத் திறமை இல்லை.

சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு ராயபுரத்துக் கடைக்குப் போன் செய்தேன். 'தோற்றம்: ஒரு தை மாதம், சோளத்தட்டு அறுத்த மறுநாள், மழையில்' என்று போடச் சொன்னேன். அவர் ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டார்.

"எழுத்துச் சாஸ்திங்க. பொடிசாத்தான் வரும்."

"பொடிசாவே இருக்கட்டுங்க."

திரும்பும் பேருந்தில் உங்கள் இருவரையும்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். திருப்பூர் ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தேதி, மணி, நிமிடம் வரை எழுதிக் கொடுத்தார்கள். மற்றது எதுவும் அந்தத் தாளில் இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

சின்னவனே, நீ பிறந்த அன்று நொய்யலில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுக்கொண்டு போனது. பெரியவளே, நீ பிறந்த அன்று கம்பெனியில் ஷிப்மென்ட். போன் வந்தும் நான் உடனே கிளம்பவில்லை, பெட்டி ஏற்றிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தேன். அதுவரை உன்னைக் கீழே விடாமல் கையிலேயே வைத்திருந்தது அப்பாயி.