ஏழாம் நம்பர் ரூம் புத்தகம்

ஏழெட்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. அப்போது நான் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு விடுதியில் ரூம் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தேன். அந்தச் சம்பளத்தில்தான் அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தேன். படிப்பது இங்கிலீஷ், பிடிப்பது துடைப்பம் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

என்னோடு வேலை பார்த்தவர் அடி அண்ணாமலை கிராமத்து அக்கா ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வேலையில் புலி. ரூமைக் காலி செய்து போகிறவர்கள் விட்டுப்போகும் பாதி சோப்பு, ஷாம்பு, கொசுவத்தி எல்லாம் அந்த ரூமைச் சுத்தம் செய்கிறவருக்கு என்பது எங்கள் வழக்கம். புத்தகமும் அதில் சேர்த்திதான். என்னைத் தவிர யாரும் அதைச் சீண்ட மாட்டார்கள்.

பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்கு வருகிறவர்கள் எல்லா ரூமையும் முன்பே பிடித்துவிடுவார்கள். மாதக்கணக்கில் தங்கும் வெள்ளைக்காரர்கள்கூடக் காலி செய்து கொடுத்தாக வேண்டும். ஏழாம் நம்பர் ரூம் எப்போதும் அக்காவுடையது. அந்தப் பௌர்ணமிக்கு அவருக்கு இடுப்பு வலி என்று நான் போனேன். ஜன்னல் மேடையில் இரண்டு புத்தகங்கள் கிடந்தன. அங்கே தங்கியிருந்த இங்கிலாந்து அம்மா ஊருக்கே போய்விட்டார் என்று நினைத்து எடுத்துக்கொண்டேன்.

ஒன்று பேய்க் கதை. பயமெல்லாம் இல்லை, ஒரே சிரிப்பு. பழைய பங்களாவில் செத்துப்போன வேலைக்காரம்மா பேயாக வந்து, படுக்கையை ஒழுங்காக விரிக்காதவர்களைப் போட்டு வாட்டி எடுக்கிறாள். துணி துவைக்கிற கல்லுப் பக்கம் உட்கார்ந்து அக்காவுக்கு அதைத் தினமும் கொஞ்சம் சொல்வேன். அந்தப் பேயை நம்ம லாட்ஜுக்கு வரச் சொல்லு, நமக்கு வேலை கம்மியாகும் என்பார்.

இன்னொன்று, அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெண்கள் பார்த்த வேலைகளைப் பற்றியது. விடியுமுன் எழுந்து சாம்பல் அள்ளுவதும், மாடிப்படியில் தண்ணீர் சுமப்பதும், கை வெந்துபோகத் துணி அலசுவதும்... வெள்ளைக்காரி என்றால் துரைசானி என்று நினைத்திருந்த எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஓரத்தில் யாரோ அங்கங்கே பென்சிலில் ‘உண்மை’, ‘பொய்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நானும் என் பங்குக்குத் தமிழில் அர்த்தம் எழுதினேன். ஓர் இடத்தில், வேலைக்காரப் பெண் யோக்கியமா என்று பார்க்க எஜமானியம்மா விரிப்புக்கு அடியில் காசு போட்டு வைப்பாள் என்று இருந்தது. பக்கத்தில் ‘உண்மை’. அதற்குக் கீழே நான் ‘இங்கேயும்தான்’ என்று எழுதினேன். எங்கள் முதலாளியும் மெத்தைக்கு அடியில் பத்து ரூபாய் வைத்துப் பார்க்கிற ஆள்.

பத்தாம் நாள் அந்த அம்மா பாண்டிச்சேரியிலிருந்து திரும்பி வந்து நின்றார். வந்ததும் புத்தகத்தைத்தான் கேட்டார். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஏழாம் நம்பர் அக்காவின் ரூம் ஆயிற்றே, அன்று நான் மாறிப் போனது அவருக்குத் தெரியாது! பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாயா என்று அவரைத்தான் பிடித்துக்கொண்டார். நாளைக்குள் புத்தகம் வராவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

“எழுத்தே தெரியாத எனக்கு புக்கு எதுக்குங்க?” என்றார் அக்கா.

அவ்வளவுதான் சொன்னார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் என் வாயால் கதை கேட்டவருக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று தெரியாதா? எனக்கோ, வேலை போனால் படிப்பும் போகுமே என்ற பயம். கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றேன்.

வீட்டுக்கு வந்து ரப்பரை எடுத்து நான் எழுதியதை அழிக்க உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கத்திலேயே தாள் கிழிந்தது.

காலையில் முதல் ஆளாகப் போய் அந்த அம்மாவிடம் இரண்டையும் நீட்டி, தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். மீதியையும் அழித்துத் தருகிறேன் என்று ரப்பரைக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். அந்தப் பென்சில் எழுத்து அவருடைய அம்மாவுடையதாம். கடலோர ஊர் ஒன்றில் ஓட்டல் ரூம் சுத்தம் செய்தே அவரை வளர்த்தவராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காசு விஷயத்துக்குப் பக்கத்தில் விரல் வைத்து, இங்கே என்ன எழுதியிருக்கிறாய் என்றார். சொன்னேன். சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதலாளி வந்ததும் அந்த அம்மா, இவளுக்கு நான்தான் படிக்கக் கொடுத்தேன், மறந்துவிட்டேன் என்று அடித்துச் சொன்னார். பேய்க் கதையை எனக்கே தந்துவிட்டார்.

அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார். மன்னிச்சிடுக்கா என்றேன். நிமிராமலேயே சொன்னார்: “நீ சொல்லுவேன்னு தெரியும். ஆனா ஒரு நாள் ஆக்கிட்டியேம்மா.”

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் எனக்கு நரகம். எட்டாம் நாள் ஈரப் போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். இருவரும் பிழியும்போது மெதுவாகக் கேட்டார்: “அந்தப் பேயி அப்புறம் இன்னா பண்ணுச்சு?”

அழுதுகொண்டே சிரிப்புக் கதை சொன்னேன்.

இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த இன்னொரு புத்தகம் இங்கிலாந்தில் ஏதோ ஓர் அலமாரியில் என் தமிழ் எழுத்தோடு இருக்கும். அதில் ‘இங்கேயும்தான்’ என்று எழுத எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது, ‘நான்தான்’ என்று சொல்ல ஒரு நாள் ஆனது, அந்த ஒரு நாளை எனக்காக அக்கா சுமந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் தலை தானாகக் குனிகிறது.